சைக்கிளின் கழுத்தில் சத்தமா? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

போர்க்காலத்தில் எங்கள் மக்களின் சுமையைத் தாங்கிய வாகனம் சைக்கிள். 1990களில் வடக்கிற்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டிருந்தபோது விறகும் நெல்லும் சைக்கிளிலேயே போயின. நோயாளிகளையும் அதிலேயே ஏற்றிச் சென்றார்கள். சோதனைச் சாவடிகளில் இறங்கி அதை உருட்டிக்கொண்டு போன நினைவு பலருக்கு இன்னும் இருக்கும். 2022 ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது, வீட்டு மூலைகளில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் மறுபடியும் வீதிக்கு வந்தன.

அப்படி வந்தவை இன்றும் அட்டாளைச்சேனையில் ஓடுகின்றன. கல்முனை - அக்கரைப்பற்று வீதியில் அவை என்னைக் கடக்கும்போது ஹேண்டில் பக்கமிருந்து ‘டக், டக்’ என்றோ ‘கறகற’ என்றோ சத்தம் கேட்கிறது. ஓட்டுபவருக்கு அது பழகிவிட்டது. ஆனால் பஸ்ஸும் லொறியும் உரசிக்கொண்டு போகும் வீதியில், ஹேண்டிலின் கோளாறு உயிரோடு விளையாடுவதாகும்.

ஹேண்டில் திரும்பும் இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் முன் குழாய்க்குள் முள்ளின் தண்டு நிற்கிறது. குழாயின் மேலும் கீழும் ஒவ்வொரு கிண்ணம். அவற்றுக்குள் சிறிய இரும்புக் குண்டுகள். கடையில் இவற்றை கப், போல்ஸ் என்பார்கள். வீதிப் பள்ளங்களின் அடி முழுவதும் முதலில் விழுவது கீழ்க் கிண்ணத்தில்தான். முன் சில்லு வாரி இறைக்கும் மணலும் தண்ணீரும் போய்ச் சேருவதும் அங்கேதான். எங்கள் கரையோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்து கிறீஸைக் கெடுத்துவிடுகிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு தடவை கேட்டால் கோளாறு சில்லில், கழுத்தில் அல்ல. பள்ளத்தில் மட்டும் கலகலத்தால் மட்காட், கூடை, விளக்கு, மணி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். என் வண்டி கம்பிப் பிறேக் உள்ள பழைய வண்டி. அதில் கழுத்துச் சத்தம் என்று நான் நினைத்தது பிறேக் கம்பியின் மூட்டில் இருந்தது. ஒரு நட்டை இறுக்கியதும் அடங்கிவிட்டது.

அடுத்து மூன்று சோதனைகள்.

ஒன்று: முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்து, ஒரு விரலைக் கிண்ணத்தின் இடைவெளியில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். விரலில் ‘டக்’ என்று அசைவு பட்டால் கழுத்து தளர்ந்திருக்கிறது.

இரண்டு: முன் சில்லைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். கறகறத்தால் உள்ளே மண் அல்லது துரு. நேராக வரும்போது ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கிண்ணம் தேய்ந்துவிட்டது. நாம் பெரும்பாலும் நேராகவே ஓட்டுவதால் குண்டுகள் ஒரே இடத்தில் இடித்துக் குழி விழுத்திவிடுகின்றன.

மூன்று: முன் சில்லை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகுங்கள். சில்லு அசையாமல் ஹேண்டில் மட்டும் திரும்பினால் அந்த வண்டியில் ஏற வேண்டாம். மேலேயுள்ள போல்ட்டை இறுக்கிய பிறகே ஓட்டலாம்.

தளர்வு மட்டும் என்றால் மேல் கிண்ணத்தை அசைவு போகும் வரை இறுக்கி, அதைப் பிடித்தபடி பூட்டு நட்டை இறுக்கினால் போதும். ஹேண்டில் தடையின்றித் திரும்ப வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் குண்டுகள் கிண்ணத்தைத் தின்றுவிடும். கறகறப்பு என்றால் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புதிய குண்டுகளும் கிறீஸும் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடுவதில் பயனில்லை. குழி விழுந்த கிண்ணத்தை மாற்றுவதே சரி. காசு இல்லாத நேரத்தில் ஒரு வழி உண்டு: கூட்டில் கோர்த்த குண்டுகளுக்குப் பதிலாக உதிரிக் குண்டுகளைப் போட்டால் எண்ணிக்கை கூடும், எல்லாக் குண்டுகளும் பழைய குழிகளில் ஒரே நேரத்தில் விழாது. கொஞ்சக் காலம் தாங்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. முள்ளின் தோளில், தண்டு சேரும் இடத்தில், மெல்லிய கோடாகத் துரு தெரிந்தால் அது வெடிப்பாக இருக்கலாம். விபத்தில் வளைந்து, அடித்து நிமிர்த்திய முள்ளும் அப்படித்தான். இவை முறியும்போது முன்னறிவிப்புத் தராது.

மேலே சொன்ன மூன்று சோதனைகளுக்கும் ஐந்து நிமிடம் போதும். எந்தச் சாவியும் தேவையில்லை. பிள்ளை பாடசாலைக்கு ஓட்டிப் போகும் வண்டியில் இன்று மாலையே செய்து பாருங்கள்.