சோழி காட்டும் ஸ்தானம்

நூற்றைந்து எழுதச் சொன்னால் குழந்தை 1005 என்று எழுதிக் காட்டுகிறது. வீட்டில் பெரியவர்கள் நகைக்கிறார்கள்; சில வீடுகளில் குட்டும் விழுகிறது. அது நியாயமன்று. காதில் விழுந்தது முதலில் நூறு, பிறகு ஐந்து, கேட்டபடியே எழுதிவிட்டது. நம் முன்னோரும் பழந்தமிழ் இலக்கத்தில் ௱௫ என்றுதானே எழுதினார்கள்? நூற்றுக்கு ஒரு குறி, ஐந்துக்கு ஒரு குறி. நடுவே பூஜ்யத்திற்கு வேலையில்லை. ஸ்தானத்தை நம்பி எழுதும் முறையிலேதான் காலியிடத்தையும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. சொற்களும் குழந்தைக்குத் துணை செய்வதில்லை. தொண்ணூறுக்குள் நூறும், தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒளிந்திருக்கின்றன. புதுவையில் பிரெஞ்சு பயிலும் பிள்ளைக்கோ தொண்ணூறு என்பது 'நான்கு இருபதும் பத்தும்'!

இதற்கு மருந்து நம் ஊரிலேயே இருந்தது. 1768-ல் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானநூலார் லெ ஜான்தீல், தமிழர் எழுதுகோலின்றிச் சோழிகளை வைத்தே கிரகணம் கணிக்கும் வேகத்தைக் கண்டு வியந்தார். 1825-ல் 'கால சங்கலிதம்' வெளியிட்ட வாரன் துரையும் இவ்வூர்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி பரப்பிச் சந்திரகிரகணம் கணித்ததை எழுதியிருக்கிறார். அவருக்குச் சாஸ்திரத் தத்துவம் தெரியாது என்று துரை குறை சொல்கிறார். ஆனால் கணக்கை மனத்திலும் தரையிலும் ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவர் என்று ஒப்புக்கொள்கிறார். அந்தத் தரைதான் நமக்கு வேண்டியது.

நாம் வகுப்பில் செய்வது இதுதான். சுண்ணாம்புக் கட்டியால் மூன்று கட்டம்: நூறு, பத்து, ஒன்று. ஒன்றில் பத்துச் சோழி சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு, பத்தில் ஒரே சோழி வைக்க வேண்டும். நூற்றைந்தை வைத்தால் நடுக்கட்டம் வெறுமையாக நிற்கும். அங்கே என்ன எழுதுவது என்று குழந்தையே கேட்கும். பூஜ்யத்தைக் கொடுக்கத் தக்க சமயம் அதுவே.

மேல்வகுப்பில் புள்ளி வந்ததும் பழைய தொல்லை புது வேஷத்தில் வருகிறது. 0.25, 0.5 இரண்டில் எது பெரிது என்றால், "இருபத்தைந்து!" என்கிறார்கள். 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு காசு என்றாயிற்று, ஆயினும் 3.5 ரூபாயை மூன்று ரூபாய் ஐந்து காசு என்று படிக்கிறவர் உண்டு. ஒன்றின் வலப்பக்கம் பத்திலொன்று, நூறிலொன்று என்று மேலும் இரு கட்டங்கள் கீறினால் போதும். பத்திலொன்றில் ஒரு பக்கம் ஐந்து சோழி, மறுபக்கம் இரண்டே, விவகாரம் தீர்ந்தது.

சோழி இல்லாத வீட்டில் புளியங்கொட்டை போதும். எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். பத்துக்குப் பெரிய கொட்டை, ஒன்றுக்குச் சிறியது என்று வைத்தால், குழந்தை கொட்டையைத்தான் பார்க்கும், இடத்தைப் பார்க்காது.