நூறு சதவீதத்தில் சேராத பிள்ளைகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பல அரசுப் பள்ளிகளின் வாசலில் '100 சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் தொங்கும். அதற்காக மாலை வகுப்பு எடுத்த ஆசிரியர்களின் உழைப்பு பெரிது. ஆனாலும் பெற்றோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் 40 பேர் படித்தார்கள், பொதுத்தேர்வு எழுதியது 34 பேர், 34 பேரும் பாஸ் என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர்களை வைத்தே சதவீதம் கணக்கிடுவதால் இது நூறு. படித்தவர்களை வைத்துப் பார்த்தால் 85தான். மீதி 6 பேர் எங்கே போனார்கள்?

சிலர் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். "இவன் தேற மாட்டான், டி.சி. வாங்கிட்டு டுடோரியல்ல சேர்த்துடுங்க" என்று அனுப்பப்பட்டவர்களும் இருக்கலாம். தேர்ச்சி குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர்தான் காரணம் சொல்ல வேண்டும். அந்த அழுத்தம் கடைசியில் மெல்லக் கற்கும் பிள்ளையின் தலையில் விடிகிறது. தமிழ்நாட்டில் 2017இல் ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். சதவீதப் போட்டி நிற்கவில்லை. மாணவர்களின் கற்றல் நிலையை அளக்க 2021இல் நடந்த தேசிய அடைவுத் தேர்வு போன்றவையும் சில பள்ளிகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் மாதிரி ஆய்வுகள்தான். உங்கள் ஊர்ப் பள்ளியின் நிலையை அவை சொல்லாது.

கல்வி உரிமைச் சட்டம், 2009 பள்ளியைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பெற்றோர் கையில் கொடுத்திருக்கிறது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடக்கும் விதத்தையும் நிதிச் செலவையும் கண்காணிப்பது அவர்கள் வேலை. சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கல்ல அந்தக் கூட்டம். எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. மீறினால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 3 மாதத்துக்குள் அது முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. பெரிய ஓட்டை அது. அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். 10 ரூபாய்க் கட்டணத்தில், ஒன்பதாம் வகுப்பில் பதிவானவர், டி.சி. பெற்றவர், பொதுத்தேர்வு எழுதியவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் பேசலாம்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். தேர்ச்சி விகிதத்தோடு அந்த 6 பேரைப் பற்றியும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வையுங்கள்.