நட்டத்தில் பறக்கும் விமானங்கள்

மரக்கறி வியாபாரி இன்று விற்காத கத்தரிக்காயை நாளை குறைந்த விலைக்கேனும் விற்றுவிடலாம். விமானம் மேலெழுந்த பின்னர் அதில் வெறுமையாகக் கிடக்கும் ஆசனத்தை எவருக்கும் விற்க முடியாது. பயணிகள் பாதியளவே வந்தாலும் விமானத்தின் குத்தகை, விமானிகளின் சம்பளம், தரையிறங்கும் கட்டணம் ஆகியன குறைவதில்லை. எரிபொருட் செலவும் சிறிதளவே குறைகின்றது. மொத்தச் செலவில் கால்வாசிக்கும் மேலாக விழுங்கக்கூடிய அந்த எரிபொருளின் விலையோ நிறுவனத்தின் கையில் இல்லை. 2008 ஜூலையில் மசகு எண்ணெய் பீப்பாய் ஒன்று 147 டொலரைத் தொட்டதை மறந்துவிட முடியாது.

2024 இல் உலக விமான நிறுவனங்களுக்கு ஒரு பயணியினால் கிடைத்த நிகர இலாபம் சராசரியாக 7 டொலருக்கும் குறைவு என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் மதிப்பிட்டுள்ளது. விமான நிலையத்தில் ஒரு கோப்பியும் சிற்றுண்டியும் வாங்குவதற்கே அது போதாது. சுவிஸ் எயார் 2001 இலும், இந்தியாவின் கிங்ஃபிஷர் 2012 இலும், ஜெட் எயார்வேஸ் 2019 இலும் தரையிறங்கியமை வியப்புக்குரியதல்ல.

எனினும் எமது தேசிய விமான சேவையின் கதையை இப்பொதுவான இடர்களை மாத்திரம் கொண்டு விளக்கிவிட முடியாது. 1979 இல் எயார் லங்காவாகத் தொடங்கிய இச்சேவை, 1998 முதல் பத்தாண்டுகள் எமிரேட்ஸின் முகாமைத்துவத்தில் இருந்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க தாக்குதலில் விமானங்கள் பலவற்றை இழந்தும் அது மீண்டெழுந்தது. 2007 இறுதியில், ஜனாதிபதியின் பரிவாரத்தினருக்காகக் கட்டணம் செலுத்திய பயணிகளை இறக்க மறுத்த பிரதம நிறைவேற்று அதிகாரியின் தொழில் விசா இரத்துச் செய்யப்பட்டது. 2008 இல் எமிரேட்ஸ் முகாமைத்துவத்திலிருந்து விலகிக்கொண்டது. அதன் பின்னர் பெரும்பாலான ஆண்டுகள் நட்டத்திலேயே கழிந்தன. 2013 இல் பெரிய எயார்பஸ் விமானங்களுக்குக் கட்டளையிடப்பட்டது. பின்னர் அவற்றுட் சிலவற்றின் குத்தகையை இரத்துச் செய்வதற்கென்றே பெருந்தொகை கொடுக்க நேர்ந்தது. அக்கொள்வனவில் நிகழ்ந்த இலஞ்ச விவகாரம் 2020 ஜனவரியில் இலண்டன் நீதிமன்றத்திலேயே வெளிச்சத்துக்கு வந்தது.

2022 இல் ரூபா வீழ்ந்தபோது டொலரில் பெற்ற கடன்கள் ரூபாக் கணக்கில் சில வாரங்களுக்குள் ஒன்றே முக்கால் மடங்காகின. நாட்டில் எரிபொருள் இல்லாமையால் எமது விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எண்ணெய் நிரப்பின. அரசாங்கம் பிணை நின்ற 175 மில்லியன் டொலர் பிணைமுறியும் தவணை தவறியது. பிணை நின்றது அரசாங்கம் எனினும், ஆயுளில் ஒருமுறையேனும் விமானம் ஏறியிராத தோட்டத் தொழிலாளியும் மாவுக்கும் சீனிக்கும் செலுத்தும் வரியினூடாக அதில் பங்காளியாகின்றார்.

விற்பனை முயற்சி 2024 இல் கைகூடவில்லை. சேவையை அரசே வைத்துக்கொள்ளும் எனப் புதிய அரசாங்கம் அறிவித்தது. உல்லாசப் பயணிகளையும் மத்திய கிழக்குத் தொழிலாளர்களையும் ஏற்றி இறக்கும் சேவை ஒன்று நாட்டுக்குத் தேவை என்னும் வாதத்தை நாம் முற்றாக நிராகரிக்கவில்லை. ஆனால் எந்தப் பாதை இலாபம் தருகின்றது, எந்தப் பாதை யாருடைய விருப்பத்துக்காக நட்டத்தில் ஓடுகின்றது என்ற கணக்கு பாதைவாரியாக ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வைக்கப்படல் வேண்டும். திறைசேரியிடம் அடுத்த தவணைப் பணத்தைக் கேட்பதற்கு முன்னரே அது செய்யப்படல் வேண்டும்.