உஷார்! கோச்சிங் தர்றேன் என்று வந்து கட்டைவிரலைக் கேட்டால்...

அந்தமானில் சௌல்தாரி பக்கம் சொந்தமாகக் கடையோ தொழிலோ தொடங்க நினைக்கும் மாற்றுத்திறனாளிகளே, அவர்கள் வீட்டாரே, எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "தொழில் கோச்சிங் தர்றோம், லோனும் வாங்கித் தர்றோம், மானியம் உண்டு. பதிவுக் கட்டணம் கட்டினால் போதும்" என்று வாட்ஸ்அப்பிலோ வாசலிலோ யாராவது வந்தால், அங்கேயே நிறுத்துங்கள்.

அவர்களுக்கு வேண்டியது உங்கள் யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று அதில் இருந்தால் பல திட்டங்களின் கதவு திறக்கும். தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மேம்பாட்டுக் கழகம் 50 லட்சம் ரூபாய் வரை, 5 முதல் 9 சதவீத வட்டியில் கடன் தருகிறது. பி.எம்.இ.ஜி.பி. என்னும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்திலோ மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள்: கிராமத்தில் 35 சதவீத மானியம், கைமுதல் 5 சதவீதம். புரோக்கர் சொல்லும் இந்தக் கணக்கெல்லாம் நிஜம். அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

அவர் சொல்லாமல் விடுவது வேறு. பி.எம்.இ.ஜி.பி. மானியம் உங்கள் கைக்கு ரொக்கமாக வராது. வங்கியில் உங்கள் பெயரில் டெபாசிட்டாக மூன்று வருடம் கிடக்கும். தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழியும். ஆகவே "மானியத்தில் பாதி உங்களுக்கு, பாதி எனக்கு" என்று பேரம் பேசுகிறவர் பங்கு போடுவது உங்கள் கடன் பணத்தைத்தான். அவர் பங்கை எடுத்துக்கொண்டு போனபின் முழுத் தவணையும் உங்கள் தலையில்.

கட்டணத்துக்கு வருவோம். முத்ரா கடன் 10 லட்சம் அனுமதி ஆகிவிட்டது, 4,500 ரூபாய் கட்டுங்கள் என்று ஒரு கடிதம் நாடு முழுக்கச் சுற்றியது. முத்திரையெல்லாம் அசல் போலவே இருந்தது. அது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அறிவிக்க வேண்டிவந்தது. பி.எம்.இ.ஜி.பி.க்கும் முத்ராவுக்கும் ஏஜென்ட் என்று யாரையும் அரசு வைக்கவில்லை. பயிற்சிக்கும் பணம் தேவையில்லை. வங்கிகள் நடத்தும் ஆர்-செட்டி என்னும் சுயதொழில் பயிற்சி மையங்களில் சாப்பாடு, தங்குமிடத்தோடு இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். தீவுகளின் முன்னோடி வங்கி ஸ்டேட் பாங்க். கிளையில் போய் நேரடியாகக் கேளுங்கள்.

அடுத்தது இன்னும் ஆபத்து. "வருகைப் பதிவுக்கு" என்று சின்ன மெஷினை நீட்டி விரலை வைக்கச் சொல்வார்கள். ஆதார் இணைந்த கணக்கில் பணம் எடுக்க, வங்கியின் பெயரும் ஆதார் எண்ணும் கைரேகையும் போதும், ஓ.டி.பி. கூட வராது. எம்-ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

பார்வையில்லாதவர்கள், இந்தியோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: படிவத்தைப் படித்துக் காட்டுகிறவர் அந்தப் பணத்தில் பங்கு பெறுகிறவராக இருக்கக் கூடாது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே இதைச் சொல்கிறது. உதவிக்கு வருபவருக்கு அந்த விஷயத்தில் சொந்த ஆதாயம் இருந்தால் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

மெஷினைத் தலையில் கட்டும் கோச்சிங்கும் உண்டு. பாக்கு மட்டைத் தட்டு மெஷின் வாங்குங்கள், செய்ததையெல்லாம் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். 2012-இல் சரிந்துபோன பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகளில் பணத்தைப் போட்டு இழந்தவர்களுக்கு இந்த வாக்குறுதியின் ருசி தெரியும். ஆளைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: "சென்னையிலிருந்து சரக்கு கப்பலில் வர வாடகை எவ்வளவு, கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் என்ன செய்வது?" நல்ல பயிற்சியாளர் பேனாவை எடுத்துக் கணக்குப் போடுவார். வாடகை, மின்சாரம், உடைசல், கடன் பாக்கி எல்லாம் எழுதிவிட்டு, "இது உங்களுக்குச் சரிப்படாது" என்றும் சொல்லக்கூடும். மோசடிக்காரர் பேச்சை மாற்றுவார், "இன்றைக்கே கடைசி நாள்" என்று அவசரப்படுத்துவார்.

யு.டி.ஐ.டி. அட்டையின் நகலைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். வெற்றுப் பேப்பர், வெற்று செக் தரவே வேண்டாம்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைத்தால் லாபம் அவர்களுக்குத்தான். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கியில் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை இடையில் மறிக்க அவ்வளவு வாய்ப்பு. தொழில் செய்யும் ஆசையை மட்டும் இதனால் கைவிடாதீர்கள். புரோக்கரை விட்டுவிட்டு வங்கி கவுண்டருக்கே போங்கள்.