முதல் தண்ணீரைக் கொட்டு

பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைக்கு ஒரே ஒரு சமையல்தான் சொல்லிக்கொடுக்கலாம் என்றால், குமரி மாவட்டத்தில் நான் மரச்சீனிக்கிழங்கைத்தான் கையில் கொடுப்பேன். தோசையும் முட்டைப் பொரியலும் அப்புறம் ஆகட்டும். எதற்காக வேகவைக்கிறோம் என்ற கேள்விக்கு இந்தக் கிழங்கைப்போல் நேராகப் பதில் சொல்லும் பொருள் நம் அடுக்களையில் குறைவு.

தென்னமெரிக்கக் கிழங்கு இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தாவரவியலில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். பஞ்சம் தாங்கும் பயிர் என்று இதைப் பரப்பினார். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்து ரங்கூன் அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழை வீடுகளைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். நாஞ்சில் நாடும் அப்போது அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது.

இவ்வளவு பேரைக் காத்த கிழங்குக்குள் நஞ்சும் இருக்கிறது. லினமாரின் என்ற பொருள் அதன் செல்களுக்குள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் நொதி செல்சுவரிலும் தனித்தனியே இருக்கின்றன. வெட்டும்போதும் நசுக்கும்போதும் இரண்டும் கலந்து, ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. மரச்சீனி இலையை வயிறு நிறையத் தின்ற ஆடு செத்துப்போவது இதனால்தான்.

இனி சமையல். அன்று பறித்த கிழங்காகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே நீலக் கோடு ஓடிவிடும். மேலே இருக்கும் பழுப்புத் தொலியோடு, அடியில் உள்ள தடித்த தோலையும் சேர்த்து உரித்தெடுக்கச் சொல்லுங்கள். சதையைவிடத் தோலில்தான் நஞ்சு அதிகம். சிறு துண்டுகளாக்கி, நடு நாரை நீக்கி, துண்டுகள் முங்கி மேலே நாலு விரல் நிற்கும்படி பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் நொதி உடனே அழிந்துவிடும். தண்ணீர் மெல்லச் சூடேறினால், லினமாரினை உடைக்க அதற்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

“மக்கா, மூடியைத் திறந்து வை” என்று பாட்டிமார் சொல்வதில் வேதியியல் இருக்கிறது. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அது வெளியேற வழி வேண்டும். உடையாமல் மிஞ்சும் லினமாரின் சூட்டுக்கு எளிதில் அழியாது. ஆனால் தண்ணீரில் கரையும். அதனால்தான் கிழங்கு வெந்ததும் அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டுகிறோம். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குக்கரில் விசில் வைக்கும் இன்றைய அவசரம் எனக்குக் கவலை தருகிறது. வெளியேற வேண்டியது அந்தக் கொஞ்சத் தண்ணீரிலும் கிழங்கிலுமே தங்கிவிடுகிறது.

உப்பைத் தண்ணீர் வடித்த பிறகு போட்டால் போதும். தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை ஒன்றிரண்டாகச் சதைத்துச் சேர்த்து, சிறு தீயில் அகப்பையால் மசித்து, கடைசியில் கறிவேப்பிலையும் தேங்காயெண்ணெயும் விட்டு இறக்கலாம். வாயில் வைத்ததும் கசந்தால் தயங்காமல் குப்பையில் போட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

1981-இல் மொசாம்பிக்கில் கடும் வறட்சி. மழை பொய்த்தால் கிழங்கில் நஞ்சு கூடும். பசியின் அவசரத்தில் கசப்புக் கிழங்கைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல் தின்றவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்து நடை போயிற்று. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கொன்சோ என்று மருத்துவம் சொல்லும் அந்த நோய், புரதம் குறைந்த உணவு உண்டவர்களையே தாக்கியது. உடலுக்குள் போன சயனைடைத் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்றக் கந்தகம் தேவை. அதைத் தருபவை புரதத்தில் உள்ள சில அமினோ அமிலங்கள்.

நம் ஊரில் கிழங்குக்குப் பக்கத்தில் சாளைக்கறி வைக்கும் வழக்கம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. மீன் உண்ணாத வீட்டில் முட்டையோ பயறோ வைக்கலாம். சாளைக்கறியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சாளையின் முள் மெல்லியது, பழகும் கைக்கு ஏற்றது.