இரண்டாம் கோடு தோன்றாதபோது

நாள் தள்ளிப்போயிருக்கிறது. குமட்டலும் மார்பில் நோவும் உண்டு. ஆயினும் மருந்துக்கடையில் வாங்கிய பரிசோதனை அட்டை ஒரே கோட்டைக் காட்டுகிறது. தாராவியின் ஒற்றையறை வீட்டிலிருக்கும் மருமகளுக்கோ, "விசேஷம் உண்டா?" என்று ஊரிலிருந்து தொலைபேசி வந்துகொண்டேயிருக்கிறது.

அட்டை சிறுநீரிலுள்ள எச்.சி.ஜி. என்னும் சுரப்பையே காட்டுகிறது. கரு பதிந்த பின்னரே அது தென்படும். கருமுட்டை தாமதமாக வெளிப்பட்ட மாதத்தில் சோதனை முந்திவிடுவதுண்டு. ஒரு வாரம் கழித்து, காலையின் முதற் சிறுநீரில் மீண்டும் பாருங்கள். அப்பொழுதும் ஒரே கோடானால் மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, புரோலாக்டின் மிகுதி, ஏன், மனக்கலக்கமுங்கூட மாதவிலக்கைத் தள்ளிப்போடும்.

அடிவயிற்றில் ஒருபுறம் கடும் வலி, இரத்தக்கசிவு, மயக்கம், தோள்பட்டை நோவு கண்டால், அட்டை என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கரு கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. உபவாசத்தைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். வைத்தியனிடம் போவது அவிசுவாசமல்ல, லூக்காவும் வைத்தியனே.

சபையாரே, உறுதியாகுமுன் அவளைச் சாட்சி சொல்ல எழுப்பிவிடாதிருங்கள். அன்னாளின் உதடசைவைக் கண்டு ஏலியே தவறாக எண்ணினானல்லவா? ஊருக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கணவனே ஏற்கட்டும்.