பாரதியார் பாட்டும் ஜனங்களின் மெட்டும்

பாரதியாரைக் கவிஞரென்று போற்றாத தமிழர் இல்லை. ஆனால் அவர் தாமே பாட்டியற்றி, தாமே மெட்டமைத்து, தாமே வாய்விட்டுப் பாடியவர் என்பதை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அவர் பாட்டுக்கள் நாடெங்கும் பரவியதற்குச் சொல்லின் வலிமை ஒரு பாதி காரணமென்றால், மெட்டின் வலிமை மற்றொரு பாதியாகும். அந்த மெட்டுக்கள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன?

எட்டயபுரம் ஸங்கீதத்தை வளர்த்த சமஸ்தானம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-ல் உயிர்நீத்த ஊர் அது. சுப்பராம தீக்ஷிதரின் 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' 1904-ல் அங்கிருந்தே வெளிவந்தது. அண்டையிலுள்ள கழுகுமலை முருகன்மீது அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து அச்சீமை மக்களின் நாவில் ஊறியது. ஆகவே, 1882-ல் அவ்வூரில் பிறந்த பாரதியாருக்கு ராஜசபையின் வித்வத்தும் ஜனங்களின் சிந்தும் ஒருங்கே வாய்த்தன.

தேசத்தைப் பாட வந்தபோது நொண்டிச் சிந்தையும் கிளிக்கண்ணியையும் அவர் கையாண்டார். 1907-ல் சூரத்துக் காங்கிரஸ் பிளவுபட்டது. மிதவாதியான மேத்தா திலகரைக் கடிந்துரைப்பதாக ஒரு பாட்டை, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திர மெட்டில் அமைத்தார். 'சுதந்திரப் பெருமை'க்கும் அச்சரித்திரத்து மெட்டே. கதாகாலட்சேபங்களில் கேட்டுப் பழகிய மெட்டாதலால் ஜனங்கள் புதிய சொல்லை மட்டும் கற்றால் போதும். அன்றியும், தில்லைக்கு ஏங்கிய நந்தனின் தாபம் கேட்போர் உள்ளத்தில் சுயராஜ்ய தாபமாக மாறிற்று. நூறு மேடைப் பிரசங்கம் செய்யாத வேலையை ஒரு வர்ணமெட்டுச் செய்தது!

இது தற்செயலன்று. பொதுஜனங்கள் விரும்பும் மெட்டிலே காவியம் செய்யவேண்டுமென்பதை 1912-ல் 'பாஞ்சாலி சபத' முகவுரையில் அவரே கொள்கையாக வகுத்துரைத்தார். ஏற்றம் இறைப்போர், நெல் குற்றுவோர், சுண்ணம் இடிப்போர், கும்மி கொட்டுவோர் ஆகியோரின் பாட்டுக்களையெல்லாம் 'குயிற்பாட்டு' நெஞ்சுருகி வியக்கிறது. உழைப்பாளியின் பாட்டே அவருக்கு ஆசான்.

செட்டிநாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1919-ல் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்த பாரதியார், இந்து மதாபிமான சங்கத்தைப் பற்றிக் கவிதை புனைந்தார். அவர் 1921-ல் மறைந்தார். ஏ. வி. மெய்யப்பர் காரைக்குடியில் நிறுவிய படப்பிடிப்பு நிலையத்தில் உருவான 'நாம் இருவர்' 1947-ல் வெளிவந்தது. ஆர். சுதர்சனம் இசையமைப்பில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள், ஏடறியாதவர் செவிக்கும் எட்டின.

அப்பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் வழங்கும் உரிமை அப்போது மெய்யப்பரிடம் இருந்தது. தேசமே பாடும் பாட்டுக்குத் தனியொருவர் உரிமையாளராகலாமா என்று தமிழறிஞர்களும் தேசபக்தர்களும் கேட்டார்கள். சட்டத்தில் உடைமை ஒன்று. நியாயத்தில் உரிமை வேறு. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் சர்க்கார் உரிமையை ஏற்றது. மெய்யப்பர் விலை பெறாமல் விட்டுக்கொடுத்தது செட்டிநாட்டின் கொடைக்கு ஏற்ற செய்கை. பின்னர் அப்பாட்டுக்கள் பொதுச்சொத்தாயின.

சொல் நமக்குக் கிடைத்துவிட்டது, மெட்டு கிடைத்ததா? 'கண்ணம்மா – என் குழந்தை'க்குப் பைரவி ராகமென்று குறித்து, ஸ்வரமும் எழுதிவைத்தார் பாரதியார். 1951-ல் 'மணமகள்' படத்தில் வந்த ராகமாலிகையையே இன்று யாவரும் அறிவர். அது இனிமையானதுதான், புதிய மெட்டமைப்பது குற்றமுமன்று. ஆனால் ஆசிரியர் விரும்பிய மெட்டை ஒருமுறையேனும் கேளாமல் ஒதுக்குவது எவ்வகை மரியாதை?

அவர் குரலைப் பதிந்த இசைத்தட்டு நம்மிடம் இல்லை. பாட்டின் தலைப்பில் அவர் குறித்த ராகமும் தாளமுமே அக்குரலுக்கு எஞ்சிய சாட்சியம். பாரதி விழா நடத்தும் சபைகள் மாலை சூட்டுவதோடு நில்லாமல், ஆண்டுக்குப் பத்துப் பாட்டையாவது அவர் குறித்தபடி பாடுவிக்கட்டும். சிந்தும் கும்மியும் அறிந்த கிராமத்து முதியோரையும் அம்மேடையில் ஏற்றட்டும். கொடுத்தவர்களுக்குச் செய்யும் கைம்மாறு அதுவே.